மாமனார் வண்டிக்கு ஆயில் கூலர்

மெக்கானிக் தொழிலில் வண்டியைக் கழற்றுவது ஒரு வேலையே இல்லை; வண்டிக்காரர் செல்போனில் பார்த்துவிட்டு வந்த வீடியோவை அவர் மண்டையிலிருந்து கழற்றுவதுதான் வேலை. ஆலங்குடியில் கடை போட்டுப் பதினைந்து வருஷமாக அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். கையில் கிரீஸோடு இதைப் படிக்கிற ஆட்களுக்கு நான் சொல்வது விளங்கும்.

வாசல் ஏறிய வண்டி

என் மாமனாரிடம் ஒரு பழைய முந்நூற்றைம்பது சிசி வண்டி இருந்தது. மெக்கானிக் என்று தெரிந்துதான் எனக்குப் பெண் கொடுத்தார். ஆனால் சர்வீஸுக்கு மட்டும் அந்த வண்டியை என் கடையைத் தாண்டி ஓட்டிப்போய்ப் புதுக்கோட்டையில் விடுவார். தாண்டும்போது ஹாரன் வேறு அடிப்பார். பத்து வருஷம் நான் வாய்விட்டு ஒரு வார்த்தை கேட்டதில்லை. வயிறு எரிந்தது வேறு விஷயம்.

அவர் காலமான பிறகு, கத்தாரிலிருந்து லீவில் வந்த மச்சினன் செந்தில் அந்த வண்டியை முதல்முறையாக என் கடைக்குக் கொண்டுவந்தான். வெயிலில் எட்டு கிலோமீட்டர் போனால் இன்ஜின் கொதித்து நின்றுவிடுகிறதாம். மருந்தையும் அவனே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருந்தான்: ஆயில் கூலர். இன்ஜின் ஆயில் அதற்குள் ஒரு சுற்று வரும். வண்டி ஓடும்போது அடிக்கிற காற்று அதன் தகடுகளின் இடுக்கில் புகுந்து சூட்டை ஆற்றும். அப்பா வண்டியில் அம்மாவை உட்காரவைத்துத் திருவரங்குளம் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்பது அவன் ஆசை. லீவு முடிய நாலு நாள்தான். நான் சொதப்பினால், மாமனார் பத்து வருஷம் செய்தது சரிதான் என்று அந்த வீட்டில் முடிவாகிவிடும். எனக்கு அந்தப் பயம். செந்திலுக்கு எந்தப் பயமும் இல்லை.

"வீடியோவுல பத்தே நிமிஷத்துல மாட்டிட்டாரு மச்சான். நீங்க வேணா ஒரு மத்தியானம் எடுத்துக்கங்க."

பத்து நிமிஷ வேலை

ஒன்றரை நாள் ஆனது. கூலரை இன்ஜினுக்கு முன்னால், வீடியோவில் காட்டிய உயரத்திலேயே கிளாம்ப் போட்டு மாட்டினேன். செந்தில் ஏறி உட்கார்ந்து முன் பிரேக்கைப் பிடித்தான். முன் ஷாக் அப்சார்பர் இறங்கி மட்கார்டு நேரே கூலரில் போய் முட்டியது. கழற்றி நாலு விரல் மேலே ஏற்றினேன். இப்போது இன்ஜினிலிருந்து கூலருக்கு வருகிற ஹோஸ் நீளம் பத்தாமல் இழுத்துப் பிடித்தது. புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி நீள ஹோஸ் வாங்கிவந்தேன்.

எல்லாம் முடிந்து ஓட்டிப் பார்த்துவிட்டு ஆயில் அளவைப் பார்த்தால் குறைந்திருந்தது. கூலருக்குள்ளும் ஹோஸுக்குள்ளும் போன ஆயில் அது, மறுபடி ஊற்றித்தான் நிரப்ப வேண்டும். செந்தில் என்னைச் சந்தேகமாகப் பார்த்தான்.

"வீடியோவுல ஆயில் கொறையவே இல்லையே மச்சான்."

பார்க்க வந்தவர்

தேங்காய் வியாபாரி முத்தையா என் கடைக்குப் பழைய வாடிக்கை. பஞ்சர் பார்க்க வந்தவர் கூலரையே சுற்றிச் சுற்றி வந்தார். தண்ணீர் எங்கே ஊற்றுவது என்று கேட்டார். தண்ணீரே கிடையாது, ஆயில் சூட்டைக் காற்று ஆற்றும் என்றேன். இதற்காகவா ஒன்றரை நாள் என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் கடைத் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்து நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"மனுசன் இங்கிட்டு வெந்து சாகுறான், எண்ணெய்க்குக் கூலராம்ல."

பூஜை

பெரிய வேலை பார்த்த வண்டியைப் பூஜை போடாமல் நான் வெளியே விடுவதில்லை. மாமனார் வண்டியைச் சும்மா விடுவேனா? செந்திலின் அம்மா, என் அத்தையே நேரில் கதம்ப மாலையோடு வந்திருந்தார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன், சூடம் காட்டினேன். மற்ற வண்டிக்கெல்லாம் டேங்கில் மூன்று பொட்டு வைப்பதோடு சரி. இதில் புதுச் சாமானுக்குத்தானே சிறப்பு என்று கூலர் முகத்திலேயே கை நிறையச் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமமும் வைத்தேன். அதற்கு மேல் அத்தை மாலையைப் போட்டார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை அன்றைக்குத்தான் அவர்கள் வாயிலிருந்து வந்தது. உள்ளுக்குள் குளுகுளு என்று இருந்தது.

"நம்ம மாப்ளக்கி எதையும் கொறையா செய்யத் தெரியாது."

திருவரங்குளம்

ஒரு மணி நேரத்தில் போன். வண்டி திருவரங்குளத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. டூல்ஸை அள்ளிக்கொண்டு போனேன். அத்தை ரோட்டோரம் முந்தானையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்த பார்வையில் மாமனாரே தெரிந்தார். கூலருக்கு ஆயில் போகிற ஹோஸைத் தொட்டேன், திரும்பி வருகிற ஹோஸைத் தொட்டேன். இரண்டும் ஒரே சூடு. ஆயில் ஓடுகிறது, ஆறவில்லை. காற்று போகவில்லை என்று அர்த்தம். மாலையை விலக்கினேன். தகட்டு இடுக்கெல்லாம் சந்தனம் இறங்கிக் காய்ந்து, சுவர் பூசின மாதிரி கெட்டியாக அடைத்திருந்தது.

ஹோஸில் அடைப்பு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். செந்தில் நம்பியிருப்பான். ஆனால் புதுக்கோட்டைக் கடைக்காரர் இப்படித்தான் சொல்லியிருப்பார் என்று தோன்றியதும் மனசு ஒப்பவில்லை. தண்ணீர் பாட்டிலும் பழைய பல்துலக்கும் பிரஷுமாக உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே, நான் வைத்த சந்தனம்தான் காரணம், தப்பு என்னுடையது என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். வண்டி கிளம்பியது, கோயிலுக்குப் போய்விட்டு வழியில் எங்கும் நிற்காமல் ஊர் திரும்பியது. அத்தை மட்டும் நம்பவில்லை.

"சாமிக்கு வச்ச சந்தனம் என்ன மாப்ள பண்ணும்? நீங்க மாட்டுன டப்பாவுலதான் கோளாறு."

தீர்ப்பு

செந்தில் விமானம் ஏறிய மறுநாள் காலை அத்தை கடைக்கு வந்தார்கள். கையில் வண்டிச் சாவியும் ஆர்.சி. புத்தகமும். பழையபடி புதுக்கோட்டைக்குத்தான் அனுப்பப் போகிறார்கள், என்னிடம் சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். சாவியை என் டூல் பெட்டி மேல் வைத்தார்கள்.

"வேற கடையில விட்டா யாரு கெடுத்ததுன்னு கேப்பாங்க, எங்க வீட்டு மாப்ளன்னா சொல்ல முடியும்? இனி இங்கிட்டே நிக்கட்டும், காலத்துக்கும் நீங்களே பாத்துக்கங்க."

நல்ல மெக்கானிக் என்று பத்து வருஷம் பேர் எடுத்தும் வராத வண்டி, கெடுத்தவன் என்று பேர் எடுத்த நாலாம் நாள் நிரந்தரமாக வந்து நிற்கிறது.