மகள் கையில் ஏறிய கயிறுகள்

என் மகள் பத்தாம் வகுப்பு படித்த வருடம், எந்தக் கோயிலுக்குப் போனாலும் கையில் ஒரு கயிறு கட்டிக்கொள்வாள். பழையதை அவிழ்க்க மாட்டாள். கறுப்பும் சிவப்பும் மஞ்சளுமாய் மணிக்கட்டுக்கு மேல் நாலு விரல் உயரம் ஏறிவிட்டது. காளவாசலில் எங்கள் வரிசை வீட்டுப் பெண்கள், "உம் மக சாமியாடியாத்தான் ஆகப்போறா" என்று கேலி செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். வெள்ளிக்கிழமைகளில் நானே வாங்கிவந்து கட்டிவிடுவேன்.

ஒருநாள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர் என்னை வரச்சொன்னார். மகளுக்கு ஏதோ பரிசு என்று நினைத்து, குங்குமப் பிரசாதத்தோடு போனேன். அவர் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னார்.

"அக்கா, சட்டைக்கு அளவெடுக்கிறப்ப அந்தக் கயித்தத் தொட்டேன். வெடுக்குன்னு கைய இழுத்துக்கிட்டா. அப்புறமாத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். அடியில காயம். அவளே பண்ணிக்கிட்டது."

"எந்தச் சாமிக்கு வேண்டிக்கிட்டாளாம் டீச்சர்?" என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

"வேண்டுதல் இல்லக்கா. மனசுல உள்ளதத் தாங்க முடியல அவளுக்கு. திட்டாதீங்க, கயித்த அவுத்துக் காட்டச் சொல்லாதீங்க. பெரியாஸ்பத்திரில மனசுக்குப் பாக்குற டாக்டர் இருக்காரு. நானும் கூட வாரேன்."

மற்ற பிள்ளைகளும் கெட்டுப்போகும், டிசி கொடுத்துவிடலாம் என்றாராம் பெரிய டீச்சர். தையல் டீச்சர்தான் தடுத்திருக்கிறார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டை என் மகளோடு தையல் அறையில் சாப்பிட்டார். வகுப்பில் ஒருவருக்கும் விஷயம் தெரியாது.

கப்பலூரில் வேலை பார்த்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "பிள்ளைய நீதான பாத்துக்கிட்ட" என்றார். அதோடு சரி. அக்கம்பக்கத்தில் வாய் திறக்க முடியாது. அம்மன் சன்னிதியில் அம்புட்டுக் கூட்டத்திலும் நான் மட்டும் தனியாக நிற்கிற மாதிரி இருந்தது. டீச்சரிடம் சொன்னதை என் பிள்ளை என்னிடம் சொல்லவில்லையே. அதைத்தான் அம்மனிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகத் தொடங்கிப் பல மாதம் கழித்து, ஒரு சாயங்காலம் நான் கோயிலுக்குக் கிளம்பும்போது மகள் வாசலில் வந்து நின்றாள்.

"இன்னைக்குப் போகாதம்மா. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

அர்ச்சனைத் தட்டை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன ஏதென்று கேட்க வாயெடுத்தேன்.

"ஒண்ணும் பேச வேணாம். சும்மா இரு."

விளக்கு வைக்கிற நேரம் தாண்டியது. நான் எழுந்திருக்கவில்லை.