பின்னால் போகாத கார்

காஜா பெராங்கில் டாக்சிக்கார மருதமுத்துவைத் தெரியாதவர்கள் இருந்தால், அவர்கள் முந்தாநாள் குடிவந்தவர்களாக இருக்க வேண்டும். ஜப்பான்காரன் சண்டைக்கு முந்திய கார் ஒன்றை வைத்துக்கொண்டு மலாக்காவின் சந்துபொந்தெல்லாம் ஓட்டிப் பிழைத்தவன். முன்கோபம் உண்டு, வாய்த்துடுக்கு உண்டு, பொய் மட்டும் வராது. "சீக்கிரம் போயிடலாமா?" என்று கேட்டால் "சந்தேகந்தான்" என்பான். பாதிப் பேர் அதற்காகவே அடுத்த காரில் ஏறிக்கொள்வார்கள். அப்படிப்பட்டவன் பொய் சொன்னது ஒரே ஒரு நாள்தான், அதுவும் தங்கை ஜெயாவுக்காக.

அப்பாவைச் சயாம் ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் இழுத்துப் போனார்கள், திரும்பவில்லை. அம்மாவைக் காய்ச்சல் கொண்டுபோனது. ஜெயாவை வளர்த்தவன் அண்ணன்தான். அவளுக்கு வந்த முதல் சம்பந்தம், பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னதென்று எழுந்து போனது. இரண்டாவது, நிச்சயமான வாரமே மாப்பிள்ளை வீட்டுப் பசு செத்துவிட்டதென்று முறிந்தது. செத்தது மாடு, பழி பெண்ணுக்கு. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? ராசியில்லாதவள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதன் பிறகு அவள் யார் கல்யாணத்துக்கும் போவதில்லை. வீட்டில் சிரிப்புச் சத்தமும் இல்லை.

மலாயா சுதந்திரம் வாங்கவிருந்த ஆவணி மாதத்தில் மூன்றாவது சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை தியாகு, செங் என்ற ஊர்ப்பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் புகைக் கூடத்தில் வேலை செய்பவன், தங்கமான பையன். அவன் அம்மா சாரதாம்பாள்தான் சிக்கல். சகுனம் பார்க்காமல் அந்த அம்மாள் வாசல் தாண்டியதே இல்லை.

கல்யாணம் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோவிலில். உறவுக்காரர்கள் லோரியில் முன்னாலேயே போய்விட்டார்கள். மாப்பிள்ளையையும் அம்மாவையும் செங்கிலிருந்து அழைத்துவரும் பொறுப்பு மருதமுத்துவுடையது. சீர்த்தட்டுகளுக்கு இடம் வேண்டுமென்று, எப்போதும் காரிலிருக்கும் பழுதுபார்க்கும் சாமான் பெட்டியை வீட்டில் இறக்கி வைத்திருந்தான். கெட்ட நேரம் கேட்டுக்கொண்டா வரும்?

இருவரையும் ஏற்றிக்கொண்டு வரும் வழியில், காஜா பெராங் முனையில் திரும்பக் கியரை மாற்ற, கிளச்சை மிதித்தான். கால் அப்படியே தரைவரை போய்விட்டது. மிதிகட்டை மேலே எழவில்லை. சட்டென்று பிரேக்கை அழுத்தினான். கார் குதித்து, இருமி, நடுச்சாலையில் நின்றது.

"என்னா தம்பி?" என்றார் சாரதாம்பாள் பின்னாலிருந்து. குரலிலேயே பாதிக் கல்யாணம் நின்றுவிட்டது.

மருதமுத்து குனிந்து மிதிகட்டையைக் கையால் அழுத்திப் பார்த்தான். கிளச் தட்டு தேய்ந்து கருகியிருந்தால் நாற்றம் அடிக்கும்; அடிக்கவில்லை. உள்ளே ஏதாவது நொறுங்கியிருந்தால் சத்தம் கேட்டிருக்கும்; கேட்கவில்லை. எப்படியானாலும் உள்ளிருக்கும் ஸ்பிரிங் காலை எதிர்த்துத் தள்ள வேண்டும். இதுவோ கனமே இல்லாமல் தொளதொளவென்று ஆடியது. அப்படியானால் கோளாறு உள்ளே இல்லை. மிதிகட்டைக்கும் கிளச்சுக்கும் நடுவில்தான் எதுவோ விட்டுப்போயிருக்கிறது.

பட்டுச் சட்டையோடு காருக்கு அடியில் நுழைந்தான். நினைத்தது சரிதான். இரண்டையும் இணைக்கும் தண்டு அறுந்த கை போலத் தொங்கியது. அதைப் பூட்டியிருந்த ஆணி வழியில் எங்கோ விழுந்துவிட்டது. அசல் ஆணி தேய்ந்துபோனதால் அவனே மாட்டிய மாற்று ஆணி அது. கழன்றுவிடாமலிருக்க இரும்புக் கம்பியை முறுக்கி, கடகடவென்று ஆடாமலிருக்கக் கறுப்புத் துணியும் சுற்றியிருந்தான். இப்போது துணியைக் காணோம். கம்பியில் ஒரு துண்டுதான் மிச்சம். அதன் முனையை விரலால் தடவினான். தேய்ந்து அறுந்ததல்ல, குறடால் நறுக்கியது. வெட்டிய இடம் பளபளத்தது.

யாரோ வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். இந்தக் கல்யாணம் நடக்கக்கூடாதென்று நினைக்கிற பாவி யார்? பக்கத்து வீட்டிலிருந்து டாக்சி நிறுத்தம் வரை ஒவ்வொரு முகமாக நினைத்து, ஒவ்வொன்றையும் சபித்தான்.

வீட்டுக்கு ஓடிச் சாமான் பெட்டியை எடுத்துவரலாமென்று வெளியே வந்தபோது சாரதாம்பாள் முடிவே செய்துவிட்டிருந்தார்.

"சகுனம் சரியில்ல தம்பி. வண்டியத் திருப்பு, வூட்டுக்குப் போவோம்."

"வேற டாக்சி புடிச்சுடலாம்மா, முகூர்த்தம் நெருங்குது," என்றான் தியாகு.

"பாதியில வண்டி மாத்துறதும் பாதியில பொண்ணு மாத்துறதும் ஒண்ணுதான். திருப்புப்பா."

கோவிலில் ஜெயா மாலையோடு உட்கார்ந்திருப்பாள். மூன்றாவதும் முறிந்து, மணையிலிருந்து எழுந்துபோகச் சொன்னால் அவள் எழுந்திருக்கவே மாட்டாள் என்று மருதமுத்துவுக்குத் தெரியும். கியரைப் போட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினால் கிளச் இல்லாமலும் கார் நகரும். முன்னாலும் நகரும், பின்னாலும் நகரும். அவன் கைகூப்பினான்.

"அம்மா, வண்டியத் திருப்பணும்னா பின்னால எடுக்கணும். கிளச் போயிட்டா இந்தக் கார் பின்னால போவாதும்மா. முன்னாலதான் போவும்."

சாரதாம்பாள் அவனை உற்றுப் பார்த்தார். "பின்னால போவவே போவாதா?"

"போவாதும்மா."

அந்த அம்மாள் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். "பிள்ளையாரே திரும்பாதேங்கிறாரு போல. அப்ப போப்பா."

முதல் கியரில் போட்டு ஸ்டார்ட்டரை அழுத்தினான். கார் தவளையாகத் துள்ளிக் கிளம்பியது. இனிமேல் நிற்கக்கூடாது. நின்றால் மறுபடி ஒரு சகுனம். எஞ்சின் சத்தத்தைக் காதால் அளந்து, கிளச் இல்லாமலே இரண்டாவது கியருக்குத் தள்ளினான். சுதந்திரத்துக்காக வழியெல்லாம் வளைவு கட்டிக்கொண்டிருந்தார்கள். மூங்கிலும் ஏணியும் ஆட்களுமாகச் சாலை பாதியாகச் சுருங்கிக் கிடந்தது. மாட்டுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. மாப்பிள்ளை தலைப்பாகையோடு வெளியே எட்டி, "தெப்பி! தெப்பி!" என்று மலாயில் ஒதுங்கச் சொல்லிக் கத்தினான். வண்டிக்காரர் மாட்டை இழுத்த இழுப்பில் ஒரு சாண் வழி கிடைத்தது. போலீஸ்காரர் கையை நீட்டினார். மருதமுத்து ஹாரனை அடித்துக்கொண்டே கும்பிட்டபடி கடந்தான். பின்னால் சாரதாம்பாள் விநாயகரை விடாமல் கூப்பிட்டார். மருதமுத்துவும் கூப்பிட்டான்.

கோவில் வாசலில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். எஞ்சினை அணைத்துப் பிரேக்கை முழு பலத்தோடு மிதித்தான். தட்டுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது.

தாலி ஏறியது. மேளச் சத்தம் ஓய்ந்ததும் ஜெயா அண்ணனைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணே, திட்டக்கூடாது. நேத்து கார் கழுவுறப்ப அடியில பாத்தேன். கறுப்புத் துணியில கம்பிய முறுக்கிக் கட்டியிருந்துச்சு. எவனோ செய்வினை வெச்சிருக்கான். நாந்தான் குறடால நறுக்கி, மொளகாயோட போட்டுக் கொளுத்திட்டேன். ஒங்கிட்ட சொன்னா மனசு ஒடஞ்சுடுவேன்னு சொல்லல."

மருதமுத்துவுக்குத் தலைக்குமேல் ஏறியது கோபம். அடிப்பாவி என்று வாய்வரை வந்துவிட்டது. மஞ்சள் பூசிய அந்த முகத்தைப் பார்த்தான். தன் தலையெழுத்தைத் தானே வெட்டித் திருத்திவிட்டதாக நம்பிப் பூரித்திருந்தது.

"நல்லவேளை வெட்டுன," என்றான். "இல்லாட்டி நாங்க வந்தே சேந்திருக்க மாட்டோம்."

ஜெயா சிரித்தாள். பல்லெல்லாம் தெரிய, சத்தமாக, கல்யாணப் பெண் என்பதையும் மறந்து சிரித்தாள். மருதமுத்து முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தான்.

பொண்ணு மாப்பிள்ளை திரும்பவும் அந்தக் காரில்தான் போகவேண்டும். அடுத்த தெருவின் சீனக் கொல்லரிடம் ஓடி ஆணி வாங்கிவந்து, மறுபடி காருக்கு அடியில் படுத்தான். கம்பியை முன்போலவே இறுக்கி முறுக்கினான். சுற்றுவதற்குத் துணி வேண்டியிருந்தது. மணவறையில் கட்டியிருந்த மஞ்சள் துணியில் ஒரு முழம் கிழித்துச் சுற்றினான்.