முதல் லோடு ஒழுகியது

நான் வேலை பார்க்கும் கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை பயிற்சி வகுப்பு வைப்பார்கள். வேலையில் குறை வந்தால் ஆளைத் தேடாதே, வேலை நடக்கிற இடத்துக்குப் போய்ப் பார் என்று ஒருவர் நாள் முழுக்கச் சொல்வார். சொல்வதெல்லாம் சரிதான். நான் பிஸ்கட்டைத் தின்றுகொண்டே எங்கள் அம்மாவை நினைத்துக்கொள்வேன். மரக்காணத்தில் ஒரு தகரக் கொட்டகையில் அவள் அதைச் செய்து காட்டியபோது பக்கத்திலேயே இருந்தவள் நான்.

அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். அதுவரை எங்கள் உப்பளத்து உப்பு மூட்டையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாக்கெட் போட்டு விற்கலாம் என்று அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கிக் கொட்டகை போட்டாள். மூன்று பெண்கள் உப்பை டப்பாவால் அளந்து, புனல் வைத்துப் பாக்கெட்டில் கொட்டுவார்கள். பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, காலால் மிதிக்கிற சீல் மிஷினில் பாக்கெட் வாயை ஒட்டுவாள். இன்னும் இரண்டு பேர் மூட்டை கட்டுவார்கள். கோட்டக்குப்பத்து மொத்தக் கடைக்காரர் ஒருவர் முதல் ஆர்டர் கொடுத்தார். லோடு ஏறிய அன்று பள்ளிக்கூடத்தில் ஒருவரையும் விடாமல் சொல்லித் தீர்த்தேன்.

அந்த வாரமே மூட்டைகள் திரும்பி வந்துவிட்டன. பாதிக்குப் பாதி ஒழுகல். கடைக்காரர் கோபப்படவில்லை. இன்னொரு லோடு அனுப்புங்கள், அதுவும் ஒழுகினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் அம்மாவைப் பயமுறுத்தியது.

ஒழுகுவது வாய்ப்பக்கம்; வாயை ஒட்டுவது பெரியம்மா. அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது? அவசரமாக மிதிக்கிறாள், கண் சரியில்லை, முதலாளிக்கு அக்கா என்கிற திமிர் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள்.  பெரியம்மா முந்தானையை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறு சர்ச்சில் பூசைக்கு வந்தவள் எங்கள் பெஞ்சில் உட்காரவில்லை. அம்மா பூசை முழுக்க அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எனக்கு லீவு. அம்மா சீல் மிஷினில் தானே உட்கார்ந்தாள். எப்படி ஒட்டுவது என்று எல்லோருக்கும் காட்டப்போகிறாள் என்று நான் முன்னால் போய் நின்றேன். அவள் ஒட்டியதும் ஒழுகியது. எனக்கு எங்கே முகத்தை வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவளோ ஒழுகியதையெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும்படி வரிசையாக வைத்தாள். ஒன்றைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஒட்டிய இடத்தில் உப்புக்கல் சிக்கியிருந்தது. அடுத்ததிலும் அப்படியே. இதற்கு மிஷின் என்ன செய்யும், பெரியம்மாதான் என்ன செய்வாள்?

உப்பு வாயில் எப்படி வந்து ஒட்டுகிறது என்று பார்க்க, மிஷினை நிறுத்திவிட்டு அளக்கிறவர்கள் பக்கம் போய் உட்கார்ந்தாள். எங்கள் பெண்களுக்கு உப்பை வெறும் அளவோடு கொடுக்க மனசு வராது. அளந்த பிறகு ஒரு சிட்டிகை கொசுறு போட்டால்தான் வாங்குகிற வீடு நிறையும் என்று நினைப்பு. மூன்று பேருக்கும் இருந்தது ஒரே புனல். ஒருத்தி அளவைக் கொட்டியதுமே அடுத்தவள் புனலைப் பிடுங்கிக்கொள்வாள். கொசுறு வெறுங்கையால் விழும். ஈரக் கையிலிருந்த கல் போகிற போக்கில் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

கொசுறு கூடாது என்று அம்மா சொல்லவில்லை. அவள் முதுகு திரும்பியதும் போடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும், அவளே போடுகிறவள்தானே. அப்பாவை அனுப்பி இன்னும் இரண்டு புனல் வாங்கிவரச் செய்தாள். கொசுறையும் போட்ட பிறகுதான் புனலை எடுக்க வேண்டும். அவ்வளவுதான் மாற்றம். சாயந்திரம் வரை ஒட்டியதையெல்லாம் தலைகீழாக உலுக்கிப் பார்த்தோம். ஒரு கல்கூட உதிரவில்லை.

அப்படியே அம்மா அத்தனை பேரையும் கூட்டிக்கொண்டு பெரியம்மா வீட்டுக்கு நடந்தாள். வாசலில் நின்று, எல்லோரும் கேட்கச் சொன்னாள்:

“அக்கா, உன் கையில ஒரு தப்பும் இல்ல. ஒரே புனல வாங்கிப் போட்டு மூணு பேர அடிச்சிக்க வுட்டது நான்தான். நீ வந்து மிதிச்சாதான் இந்த லோடு ஏறும்.”

 பெரியம்மா, “மிஷின ஆஃப் பண்ணிட்டு வந்தியாடி?” என்று கேட்டுக்கொண்டே செருப்பைத் தேடினாள்.

அந்த லோடு திரும்பி வரவில்லை. அடுத்ததும் வரவில்லை. அம்மாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு நிமிரும். ஆனால் அன்றைக்கு அவள்மேல் எனக்குக் கோபம்தான். பெரியம்மாவைப் பழித்துப் பேசியவர்கள் வேறு யாரோ இருக்க, முதலாளி தலையைக் குனிவதா? அதோடு போயிற்றா? மறுநாளிலிருந்து அந்தப் பெண்கள், யாரும் கேட்காமலே, “அக்கா, இந்த மூட்டைய நான் தப்பா கட்டிட்டேன்”, “அளவு கொறஞ்சிடுச்சி, அது நான்தான்” என்று அம்மாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். அம்மா அதைக் கேட்டுச் சிரித்த முகமாக எழுந்து போய்ப் பார்ப்பாள். அதுவரை ஒருவரும் ஒரு தப்பும் செய்யாமல் நன்றாக நடந்துகொண்டிருந்த கொட்டகை, அம்மா கொடுத்த இடத்தால் இப்படிக் கெட்டுப்போகிறதே என்று எனக்கு ரொம்ப நாள் கவலையாக இருந்தது.