கூப்பன் காலத்து இமெல்டா

நாலு அரிசி மணியை முன்பல்லால் கடித்துப் பார்த்த பிறகுதான் இமெல்டா உலையில் போடுவார். "இது முத்திரைக் காலத்து அரிசி, பிள்ள. வேகமாட்டன் எண்டு அடம்பிடிக்கும்" என்பார் பக்கத்து வீட்டு பஹ்மியாவிடம். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் இடியப்பம் அவித்து விற்று எழுபத்தொரு வயதைத் தொட்டவர். அரசாங்கங்களைப் பற்களால் அறிந்தவர்.

இரண்டாம் உலக யுத்தத்தோடு வந்த பங்கீட்டுச் சட்டம் அவர் பிறக்கும் முன்பே ஆளுக்கொன்றாக அரிசிக் கூப்பன் புத்தகம் கொடுத்திருந்தது. அந்த அரிசியின் விலையை ஏற்றப்போய் ஓர் அரசு ஆட்டம் கண்டது. பிறகு அரிசி இலவசமாயிற்று, அளவு பாதியாயிற்று. எழுபத்தொன்பதில் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. அதன் பின்னே ஏழைகளுக்கான உதவிப்பணத் திட்டங்கள்: ஜனசவிய, சமுர்த்தி, இப்போது அஸ்வெசும. பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் இமெல்டா வரிசையில் நின்றிருக்கிறார்.

பஹ்மியாவுக்கு விளங்காத வியப்பு ஒன்று உண்டு. கூப்பன் காலத்தில் செத்தவர்களும் அரிசி தின்றார்கள். இறந்தவரின் புத்தகத்தை எவரும் லேசில் ஒப்படைப்பதில்லை. இமெல்டாவோ தாயை அடக்கம் செய்த மறுநாளே, அரிசி வாங்கும் சங்கக்கடையில் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர். "சங்கக்கடை மனேஜரே என்னைப் பைத்தியம் எண்டு பார்த்தவர்" என்று சிரிப்பார்.

இப்போது விரல்கள் மடங்குவதில்லை. இடியப்ப உரலை அழுத்த முடியாது. அஸ்வெசும கிடைத்தால்தான் அடுப்பு எரியும். முதல் விண்ணப்பம் தள்ளுபடியானது. மேன்முறையீட்டுக்காக அதிகாரி வீடு பார்க்க வரும் காலையில், தேங்காய்ப்பால் கெடாமலிருக்க வியாபாரக் காலத்தில் வாங்கிய பிரிட்ஜைக் கண்டு பஹ்மியா பதறினாள். வசதியான வீடு என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சு. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே பழைய உடுப்புகளை அடைத்தாள்.

"பழுதாப் போன சாமான் எண்டு நான் சொல்றேன். நீங்க வாயத் தொறக்காதீங்க. ஒங்கட வாய்தான் ஒங்களுக்கு எதிரி."

"ஓம் பிள்ள. நான் கதைக்கமாட்டன்."

திலக்ஷன் என்ற அந்த இளம் அதிகாரி வெயிலில் வியர்த்து நனைந்து வந்தார். கூரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிரிட்ஜைப் பார்த்தார்.

"இது வேலை செய்யுதா அம்மா?"

"மோட்டர் எரிஞ்சு ஒரு வருஷமாகுது, சேர்" என்று பஹ்மியா முந்திக்கொண்டாள்.

அவர் தலையாட்டிவிட்டு, கையிலிருந்த போத்தலில் ஒரு மிடறு குடித்தார். வெயிலில் தண்ணீர் சுட்டிருக்க வேண்டும், முகம் சுளித்தார்.

இமெல்டா கொடுத்த வாக்குத் தவறவில்லை. ஒரு சொல்லும் பேசாமல் சுவரோரம் குனிந்து பிளக்கைச் செருகினார். பிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கதிரையில் மடித்து வைத்துவிட்டு, இமெல்டா அதிகாரியின் கையிலிருந்து போத்தலை வாங்கிக் குளிர உள்ளே வைத்தார்.