காற்றுமானியில் ஒரு முட்டைப் பை

சைட்டில் அவளை மேல்வீட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது மாடியைத் தாண்டி வளர்ந்துகொண்டிருந்த கட்டடத்தை ஒட்டி நின்ற டவர் கிரேனின் உச்சியில், ஒரு ஆள் உட்கார மட்டுமே இடமுள்ள கண்ணாடிக் கூண்டுதான் அந்த மேல்வீடு. காலை ஏழு மணிக்கு ஏணியில் ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவாள். பதினெட்டு வயதில் செங்கல் சுமந்தவள், பிறகு ஆட்களை ஏற்றி இறக்கும் லிஃப்டை ஓட்டினாள், கிரேன் லைசென்ஸ் தேர்வில் ஒருமுறை தோற்று மறுமுறை தேறினாள். பெண்பிள்ளைக்கு அவ்வளவு உயரத்தில் என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் பன்னிரண்டு வருடமாக அவள் மேலேயிருந்தே பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சரக்கைக் கொக்கியில் மாட்டி அனுப்புவதும், அது இறங்கும் தளத்தில் நின்று வாங்குவதும் அவள் கணவரின் வேலை. ஆகவே அவர் கீழ்வீட்டுக்காரர். வீட்டில் அவர் பேச்சு எடுபடாது. சைட்டில் அவர் "நிறுத்து" என்றால் அந்தக் கணமே அவள் கை நின்றுவிடும். வாக்கி-டாக்கியில் இதைக் கேட்கும் கம்பி கட்டுகிறவர்கள், "அண்ணே, அந்த ரேடியோவை வீட்டுக்கும் எடுத்துட்டுப் போங்க" என்று சிரிப்பார்கள்.

மேல்வீட்டில் அவளோடு ஒரு சிலந்தியும் குடியிருந்தது. நகரம் மனிதர்களுக்காக மட்டும் கட்டப்படுகிறது என்று நினைப்பவர்கள் ஒருநாள் கிரேனில் ஏறிப் பார்க்கவேண்டும். இருட்டியதும் எரியும் பெரிய விளக்குகளைத் தேடிப் பூச்சிகள் தாமாகவே மேலே வரும். விரட்டப் பல்லி கிடையாது, பெருக்க விளக்குமாறு கிடையாது, வெயில் குடித்த இரும்பு இரவெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும். தோட்டத்துச் சிலந்தியைவிட இரண்டு மடங்கு கொழுத்திருந்த அந்த மகராசி, ஜன்னலுக்கு வெளியே தினமும் பழைய வலையைத் தானே தின்றுவிட்டுப் புதிதாக ஒரு சக்கரம் பின்னுவாள். காற்றுக்கு அவள் எப்படி அசைவாள் என்பது மேல்வீட்டுக்காரிக்கு மனப்பாடம். காற்று மணிக்கு இருபது கிலோமீட்டரில் வீசினால் வலை புடைக்கும். முப்பதைத் தாண்டினால்தான் சிலந்தி நடுவிலிருந்து எழுந்து மூலைக்கு ஓடும். நாற்பதில் கிரேனே நிற்கவேண்டும் என்பது சட்டம்.

அந்த எண்ணைக் கூண்டுக்குள் இருக்கும் திரையில் காட்டுவது, கூரைமேல் ஒரு கம்பத்தில் சுழலும் காற்றுமானி. மூன்று கிண்ணங்கள், கீழே ஒரு தண்டு, அவ்வளவுதான். திங்கட்கிழமைதோறும் அதைத் துடைத்துப் படிவத்தில் கையெழுத்துப் போடவேண்டும். இரண்டு வாரத்துக்கு முன் துணியோடு ஏறியவள், தண்டின் இடுக்கில் பஞ்சுபோல ஒரு முட்டைப் பையைப் பார்த்தாள். பிய்த்துப்போட மனசு வரவில்லை. இரண்டு பிள்ளை பெற்றவள், அதனால் இரக்கம் என்று யாராவது கதை கட்டினால் நம்பவேண்டாம். பாதி இரக்கம், பாதி சோம்பல். கிண்ணங்கள் சுற்றிக்கொண்டுதானே இருக்கின்றன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, படிவத்தில் 'துடைத்தாயிற்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அடுத்த திங்களும் அப்படியே எழுதினாள். அந்த நாட்களில் முட்டைப் பையின் நூல் தண்டைச் சுற்றிச் சுற்றி இறுக்கி, கிண்ணங்களின் வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்தது.

அன்று மதியம் மூன்று மணிக்கு வானம் மங்கியது. கடைசியாக, கான்கிரீட் ஊற்ற அடைப்பாக வைக்கும் ஒரு சென்ட்ரிங் பலகை ஏறவேண்டும். ஒரு அறையின் சுவர் அளவுக்கு அகலமானது.

"காத்து எவ்வளவு?" என்று இன்ஜினியர் ரேடியோவில் கேட்டார்.

"பதினாலு சார்."

"அப்புறம் என்ன? தூக்குங்க."

கூண்டு வழக்கத்தைவிட அதிகமாக முனகுவதுபோல் அவளுக்குத் தோன்றியது. ஆனால் எண் பதினான்கு. பலகையைத் தூக்கினாள். உச்சியிலிருந்த இருபத்திரண்டாம் தளத்தின் விளிம்பில், பலகையில் கட்டித் தொங்கவிட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு கணவர் அதைத் தன் பக்கம் இழுத்தார். அவருக்குப் பின்னால் நான்கு பேர் குனிந்து கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஜன்னலில் வலை உள்பக்கமாகப் புடைத்துக் கண்ணாடியோடு அப்பிக்கொண்டது. சிலந்தி நடுவை விட்டு ஓடி ஜன்னலின் ரப்பர் பட்டைக்குள் புகுந்துகொண்டது. நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. அவள் எண்ணைப் பார்த்தாள். பதினான்கு. பதினான்கில் அந்தச் சிலந்தி ஒருநாளும் நகர்ந்ததில்லை.

கீழே பலகை திரும்பத் தொடங்கியிருந்தது. கயிறு விறைத்து, கணவர் விளிம்பை நோக்கி ஒரு அடி இழுபட்டார்.

"கயிறை விடுங்க!"

"விட்டா சுத்திடும்மா. பின்னாடி ஆளுங்க இருக்காங்க. பதினாலுதானே, ஒரு நிமிஷத்துல அடங்கிடும்."

"சொல்றதைக் கேளுங்க, விடுங்க!"

"நீ பதறாம அப்படியே நிறுத்து. நான் பிடிச்சிருக்கேன்ல."

இன்னொரு அடி. அவர் காலுக்கும் விளிம்புக் கம்பிக்கும் நடுவே இனி ஒரு முழம்கூட இல்லை. அந்த எண்ணை நம்பும்வரை அவர் விடமாட்டார். அதை நம்பாமல் செய்ய ஒரே வழிதான் இருந்தது. ரேடியோவில் உண்மையைச் சொன்னால் சைட் முழுக்கக் கேட்கும். பன்னிரண்டு வருடமும் லைசென்ஸும் கண்முன் வந்து போயின. அவள் பொத்தானை அழுத்தினாள்.

"அந்த நம்பர் பொய்ங்க. ரெண்டு வாரமா நான் காத்துமானியைத் துடைக்கல. துடைச்சேன்னு கையெழுத்துப் போட்டுட்டேன். காத்து நாப்பதுக்கு மேல இருக்கு, அடங்காது. உங்க கால்ல விழறேன், விடுங்க!"

"எல்லாரும் படுங்கடா!" என்று அவர் கத்துவது கேட்டது. கயிறு பறந்தது. பலகை ஒரு சுற்றுச் சுற்றி, அவர் நின்ற இடத்துக் கம்பித் தடுப்பை ஓங்கி அடித்தது. இரண்டு கம்பங்கள் பெயர்ந்து கீழே விழுந்தன. தூசியில் ஆட்கள் தெரியவில்லை. கத்தி அழ அவளுக்கு நேரமில்லை, கொக்கியில் இன்னும் பலகை தொங்கியது. காற்றின் போக்குக்கே கிரேனின் கையைத் திருப்பி, ஆளில்லாத மைதானப் பக்கமாகப் பலகையை இறக்கத் தொடங்கினாள். பாதி இறங்கும்போது ரேடியோ உயிர்பெற்றது.

"இருக்கேன்" என்றார் அவர்.

அவள் ஏணியில் இறங்கி வந்தபோது கும்பல் கூடியிருந்தது. படிவக் கோப்போடு இன்ஜினியர் நின்றார். பலகை ஏறும்போது அவர் ரேடியோவைக் கவனிக்காமல் கான்கிரீட் வண்டிக்காரனோடு போனில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"ரேடியோவுல இவங்க என்னமோ சொன்னாங்களாமே, என்ன அது?"

கம்பி கட்டும் மேஸ்திரி முந்திக்கொண்டார். "ஒரே கரகரப்பு சார். ஒண்ணும் கேக்கல. மிஷின்தான் கோளாறு."

"ஆமா சார், கேக்கல" என்றார் இன்னொருவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். எல்லாரும் அவளுக்காகத்தான் பொய் சொன்னார்கள் என்பது அவளுக்குத் தெரிந்தது. வாயைத் திறக்கப் பார்த்தாள். மேலே அவ்வளவு தெளிவாக வந்த சொல் கீழே வரவில்லை. பேசாமல் இருந்துவிட்டால் நாளைக் காலை ஏழு மணிக்கு மறுபடி ஏறலாம்.

"எனக்குக் கேட்டுச்சு சார்" என்றார் அவள் கணவர். கயிறு உரித்த உள்ளங்கையை ஒரு துணியால் சுற்றியிருந்தார்.

"அண்ணே, சும்மா இருங்க" என்று மேஸ்திரி பல்லைக் கடித்தார்.

அவர் மனைவியைப் பார்க்காமல் இன்ஜினியரிடமே பேசினார். "துடைக்காமலே துடைச்சேன்னு ரெண்டு வாரம் எழுதியிருக்கா. அதை நம்பித்தான் நான் கொக்கிக்குக் கீழே நின்னேன். எனக்கு இவ மேல கோபம்தான் சார், இல்லைன்னு சொல்லல. ஆனா அவ சொன்னது என் காதுல விழுந்ததாலதான் நான் இங்க நிக்கறேன். அது கேக்கலன்னு எப்படி சார் சொல்லுவேன்?"

அவள் கழுத்திலிருந்த லைசென்ஸ் அட்டையைக் கழற்றி இன்ஜினியரின் கோப்பின்மேல் வைத்தாள்.

"எழுதினது நான்தான் சார்" என்றாள்.