தடம் இல்லை என்றான்

தூர்டிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். எங்கள் பனிக்காட்டு ஊரான ட்ரிசில் பக்கத்தில் அவளிடம் திட்டு வாங்காத பிள்ளையே கிடையாது. ராயாவிடம் மட்டும் குரலை உயர்த்தவே மாட்டாள். ராயா அவளுடைய எல்க்ஹவுண்ட் வகை வேட்டை நாய். சாம்பல் நிறம், முதுகில் சுருண்ட வால், தன் இஷ்டப்படிதான் நடப்பேன் என்கிற தலைக்கனம்.

"இதக் குளிப்பாட்டவே மாட்டியா?" என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன்.

"குளிப்பாட்டினா முடியில இருக்கற எண்ணெய்ப் பசை போயிடும். அப்புறம் ஈரம் உள்ள இறங்கிடும். நீ ஒழுங்கா குளி, அது போதும்."

வசந்தத்தில் அடியிலுள்ள மென்முடி கொத்துக் கொத்தாகக் கழன்று வரும். பொறுமையாகச் சீவி எடுப்பாள். விலா எலும்பைத் தடவிப் பார்த்துத்தான் தீனி வைப்பாள். பனிக்கட்டி ஒட்டாமலிருக்கக் கால்விரல் இடுக்கில் கொழுப்புத் தடவிவிடுவாள்.

வேட்டையில் மூஸ் என்னும் பெரிய காட்டு மானைக் கண்டால் ராயா பாயாது. எதிரே நின்று விடாமல் குரைத்து, வேட்டைக் குழுவினர் நாங்கள் துப்பாக்கியோடு போய்ச் சேரும்வரை அதை அங்கேயே நிறுத்திவைக்கும். அந்தக் குரைப்பு ஓநாய்க்கும் கேட்குமே! வந்தால் நாயைக் கொன்றுவிடும். அதனால் வேட்டைக் காலையில் எங்களில் ஒருவர் காட்டுச் சாலை முழுக்கச் சுற்றி, பனியில் ஓநாய்த் தடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் நாயை அவிழ்ப்போம்.

வேட்டை சீசனின் கடைசி நாள் அந்த வேலை ஹால்வருடையது. தூர்டிஸின் கணவர் இறந்த குளிர்காலம் முழுக்க அவள் வாசல் பனியை அள்ளிப் போட்டவன் அவன். அவன் சொல்லை அவள் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

"தடம் எதுவும் இல்ல, அவுத்து விடுங்க," என்றான் வயர்லெஸ்ஸில். அவனுடைய நாய் க்ரிமுக்குக் காலில் ஆழமான வெட்டாம், காரிலேயே விட்டிருந்தான்.

ராயா மட்டும் போனது. மானை மடக்கிக் குரைத்தது. நானும் தூர்டிஸும் சரிவில் ஏறிக்கொண்டிருந்தபோது குரைப்பு பாதியில் நின்றது. ஓடினோம். அங்கே கண்டதை எழுத எனக்கு மனம் வரவில்லை. தூர்டிஸ் தன் கோட்டைக் கழற்றி, மிச்சமிருந்த ராயாவைச் சுற்றி, தானே சுமந்துகொண்டு இறங்கினாள். என்னைத் தொடவிடவில்லை.

மறுநாள் நான் தூர்டிஸ் வீட்டில் இருந்தபோது ஹால்வர் துக்கம் கேட்க வந்தான். காரிலிருந்து குதித்த க்ரிம், வாசலில் குவிந்திருந்த பனியை ஒரே தாவில் தாண்டி ஓடிவந்து, படியில் உட்கார்ந்திருந்த அவள் மடியில் காலைத் தூக்கி வைத்தது. பழக்கதோஷம், அவள் விரல் இடுக்குகளை விரித்துப் பார்த்தாள். ஒரு காலை விட்டு இன்னொன்று, நான்கையும் பார்த்தாள். கீறல்கூட இல்லை.

"எந்தக் கால்லய்யா வெட்டு?"

ஹால்வர் முகம் வெளுத்தது.

"ஒரே ஒரு தடம்தான், தூர்டிஸ். சொல்லியிருந்தா நீங்க யாரும் நாய அவுத்திருக்க மாட்டீங்க. இந்த வருஷம் நமக்கு அனுமதிச்சதுல இன்னும் ஒரு மான் பாக்கி இருந்துச்சு. பழைய தடம், ஓநாய் எப்பவோ போயிருக்கும்னு நெனச்சேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. அவனை அறைந்திருப்பேன். தூர்டிஸ் கத்தவில்லை. க்ரிமின் காலை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, ராயாவிடம் பேசும் அதே குரலில் கேட்டாள்.

"அப்ப க்ரிம மட்டும் ஏன் கார்லயே வச்ச?"