சவுக்குத் தோப்பில் நின்ற கொற்றி

"சவுக்க எடுத்துட்டா கொற்றி எங்க சார் நிப்பா?"

தணிகாசலம் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதைத்தான். யோசிக்க ஒரு வாரம் வேண்டும் என்றேன். ஐந்தாம் நாள் காலையில் அவர் மனைவி மல்லிகா தொலைபேசியில் அழைத்தார். "அவரு பூட்டாரு சார். தூக்கத்துலயே." எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே என்றுதான் தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று இன்றுவரை விளங்கவில்லை.

செங்கல்பட்டு – மாமல்லபுரம் பேருந்தின் நடத்துநராக அவரை உங்களில் பலருக்குத் தெரியும். நூலக வாசகர் வட்டத்தில் நாவல் வாசித்தவராகச் சிலருக்குத் தெரியும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அவர் எப்படி வந்தார் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். திருக்கழுக்குன்றத்துப் பள்ளிக்குத் தாவரவியல் நடத்த நான் போய்வந்தது அவர் வண்டியில்தான்.

ஒருநாள், சிற்பங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஒரு பெண்மணி, "அந்தப் பாறைய ஏங்க பாதியிலயே விட்டுட்டாங்க?" என்று அவரிடம் கேட்டார். "உளி வெச்சிருந்தவன் லீவுல பூட்டாம்மா, இன்னும் திரும்பல" என்றார் தணிகாசலம். வண்டி முழுக்கச் சிரிப்பு. மறுநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் சிரிக்கவில்லை. "மெய்யாலுமே ஏன் சார் போனான்? போறப்போ வூட்ல இன்னா சொல்லினு போயிருப்பான்?" நாவல் அங்கே ஆரம்பித்தது. ஆனால் எழுத உட்கார்ந்தது பணி ஓய்வுக்குப் பிறகுதான். கல்தச்சன் ஒருவன், அவன் மனைவி கொற்றி. ஒன்பது நோட்டுகள்.

"நின்னு பாக்காம ஒரு வரி எழுத மாட்டேன் சார்" என்பார். வெயில் என்று எழுத வேண்டுமானால் உச்சிவேளையில் பாறைமேல் போய் நிற்பார். கால் சுட்டால்தான் அந்த வரி வரும்.

ஒவ்வொரு நோட்டும் முதலில் என்னிடம் வரும். கல்தச்சன் கஞ்சிக்குப் பச்சை மிளகாய் கடித்தான் என்று ஓரிடத்தில் இருந்தது. அடித்தேன். மிளகாய் கடல் கடந்து வந்தது, அவன் காலத்தில் இங்கே இல்லை என்று விளக்கினேன். அடுத்த நோட்டில் வேர்க்கடலை. அதையும் அடித்தேன். "மெளகாவ புடுங்கினீங்க, மல்லாக்கொட்டயப் புடுங்கினீங்க. என் ஆளு வெறும் கஞ்சியோட கல்லு ஒடைக்கிறான் சார், பாவம் பாருங்க" என்றார். எனக்கு அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமையோடுதான் ஏழாம் நோட்டைப் படித்தேன். வேலையை நிறுத்தச் சொல்லி ஆணை வருகிறது. கல்தச்சன் யாரிடமும் சொல்லாமல் கடற்கரை வழியே ஊரைவிட்டுக் கிளம்புகிறான். அவனைத் தடுக்க ஓடிவந்த கொற்றி, கூப்பிட வாய் வராமல் சவுக்குத் தோப்புக்குள் நின்று அழுகிறாள். தோப்பின் இரைச்சலில் அழுகை அவனுக்குக் கேட்பதில்லை. அந்தக் காட்சிக்காக நாங்கள் இருவரும் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு தோப்பில் போய் நின்றோம். அவர் பேசியது எனக்கே கேட்கவில்லை. "அருமை" என்று ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன்.

வாசகர் வட்டத்தில் அதைப் படித்தபோது, வனத்துறையில் வேலை பார்த்த நண்பர் ஒருவர் கை தூக்கினார். "அண்ணாத்த, சவுக்கு நம்மூரு மரமே இல்ல. வெள்ளைக்காரன் வெறவுக்கு நட்டது. அந்தக் கல்தச்சனுக்கு ஏது சவுக்கு?" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "விசில் குடுங்க கண்டக்டரே, கொற்றி எறங்கட்டும்!" எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கூசியது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தாவரவியல் நடத்தியவன் நான். சவுக்கு எங்கிருந்து வந்தது என்று பாடமாகவே சொல்லியிருக்கிறேன். ஆனாலும் செய்யூரில் பிறந்தவனுக்குக் கொல்லையைத் தாண்டினால் சவுக்குதான். மணலைப் போல, அலையைப் போல அதுவும் எப்போதும் இருந்தது என்றே கண் நம்பிவிட்டது. மிளகாயைப் பிடித்த கை சவுக்கைப் பிடிக்கவில்லை.

மறுநாளே அவர் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். "தோப்பு இல்லன்னா அவ தெரிஞ்சிடுவா. பாத்துட்டான்னா அவன் போவ மாட்டான். போவலன்னா மீதி ரெண்டு நோட்டும் பூடும் சார்."

நான் தாழம்புதரை நினைத்தேன். முள், உள்ளே ஒருத்தி நிற்க முடியாது. பனையை நினைத்தேன். ஒல்லி, மறைக்காது. அதற்குள் அந்தத் தொலைபேசி வந்துவிட்டது.

காரியம் முடிந்து மல்லிகா ஏழாம் நோட்டைக் கொடுத்தார். நாவலைப் புத்தகமாக்க வாசகர் வட்டத்தில் கேட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் சிவப்பு மையால் தோப்பு வருகிற இடமெல்லாம் அடிக்கப்பட்டிருந்தது. "தோப்பைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை" என்ற வரியும் போயிருந்தது. அதற்குப் பதிலாக அவர் எதையும் எழுதவில்லை. மிஞ்சியது இவ்வளவுதான்: "கொற்றி நின்றாள். காற்று இரைந்தது. அவன் திரும்பிப் பார்த்தான். போனான்."

முன்பு அவளைக் காணாமல் போனவன், இப்போது கண்டும் போகிறான். இது தணிகாசலம் எடுத்த முடிவா, இல்லை பாதித் திருத்தத்தில் கை நின்றுபோனதா? மூன்று நாள் அந்தப் பக்கத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு புன்னை மரத்தைக்கூட எழுதிப் பார்த்தேன். மல்லிகாவிடம் காட்டினேன்.

"அவரு அடிச்சிட்டுப் போன எடத்துல நீங்க இன்னோர் மரம் நடாதீங்க சார்" என்றார். பிறகு மெதுவாக, "பாத்துட்டுப் போறவங்களும் கீறாங்க, சார்."

அடித்தபடியே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். சரிதானா என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பது பென்சிலால் ஓரத்தில் நான் எழுதிய அந்த "அருமை" மட்டும். அதை அவர் அடிக்காமல் விட்டிருந்தார். ஏன் என்று கேட்க ஆள் இல்லை.

நீங்கள் அடுத்த முறை அந்தக் கடற்கரைக்குப் போகும்போது, கண்ணில் படும் சவுக்கு மரங்களை எல்லாம் மனத்தில் எடுத்துவிட்டு, வெறும் மணலில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.